கடைசிச் சம்பளத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே 92 நாள்

வேலையை விட்டுவிட்டு மே மாதம் முழுக்க ஊர் சுற்றி, ஜூனில் புது வேலையில் சேரலாம் என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு என்று பயணத்துக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். கோவை வேலையில் கடைசி நாள் 2025 மே 9. மே 17-லிருந்து ஜூன் 8 வரை இமாச்சலம். ஜூன் 16 திங்கட்கிழமை சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) புது அலுவலகம். ஐந்து வார இடைவெளிதானே, கையிருப்பு தாங்கும் என்று நினைத்தேன். கடைசியாகச் சம்பளம் கணக்கில் விழுந்தது ஏப்ரல் 30. அடுத்தது விழுந்தது ஜூலை 31. எண்ணிப் பார்த்தால் 92 நாள். மலையில் செலவழித்த பணத்தைப் பற்றி இன்றைக்கும் வருத்தமில்லை. திரும்பி வந்தபின் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஒன்றுக்கும் உதவாமல் போன பணம்தான் உறுத்துகிறது. முன்கூட்டியே யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும்.

முதல் தவறு, சேரும் தேதியைத் தேர்ந்தெடுத்தது. மே மாதத்து ஒன்பது நாள் சம்பளம் மாதக் கடைசியில் வராது என்பது தெரியும். வேலையை விடுகிறவர்களுக்குக் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, மொத்தக் கணக்கு முடிக்கும்போது கொடுப்பதுதான் பெரும்பாலான அலுவலகங்களின் வழக்கம். 45 நாள் என்றார்கள், எனக்கு 63 நாள் ஆனது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும். இனிமேல் விடுகிறவர்கள் அதைச் சொல்லிக் கேட்கலாம். என் காலத்தில் அந்தப் பிடி இல்லை. ஆனால் நிஜமான அடி புது அலுவலகத்தில்தான் விழுந்தது. சேர்ந்த மூன்றாம் நாள், வங்கி விவரம் கொடுக்கப் போன இடத்தில் சம்பளப் பிரிவில் இருந்தவர், "சார், இந்த மாச கட்-ஆஃப் 15-ம் தேதியோட முடிஞ்சிருச்சு. உங்க ஜூன் சம்பளம் ஜூலையோட சேர்ந்து வந்துரும்" என்றார். ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார். ஒரே ஒரு நாள் வித்தியாசம். ஜூன் 12, வியாழக்கிழமை சேர்ந்திருந்தால் 30-ம் தேதியே இரண்டரை வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். 9-ம் தேதி காலையே ஊர் வந்து சேர்ந்தாகிவிட்டது, 12-ல் சேர எந்தத் தடையும் இல்லை. திங்கட்கிழமை நல்ல தொடக்கமாக இருக்கட்டுமே என்ற ஆசை மட்டும்தான் காரணம்.

ஆகவே வேலை உறுதிக் கடிதம் கைக்கு வந்ததும், ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் போடுவதற்கு முன்பே மனிதவளப் பிரிவிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். சம்பளப் பட்டியல் மாதம் எந்தத் தேதியோடு மூடப்படுகிறது? அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தால் முதல் சம்பளம் எப்போது வரும்? சில இடங்களில் 15, சில இடங்களில் 20 அல்லது 25. இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்குப் பழகிப்போன கேள்வி. பிறகு ஒரு தாளில், கடைசிச் சம்பளம் விழுந்த நாளிலிருந்து முதல் சம்பளம் விழப்போகும் நாள் வரை எத்தனை மாதம் என்று எழுதி, அதை மாதாந்திரக் கட்டாயச் செலவால் பெருக்குங்கள். பைக் கடன் தவணை 6,200, வீட்டுக்கு அனுப்புவது 15,000, காப்பீடு, போன் என்று என் கட்டாயச் செலவு மாதம் 24,000. மூன்று மாதத்துக்கு 72,000. புது ஊரில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் குறைந்தது முப்பதாயிரம். பயணச் செலவைத் தனியாக வைத்துவிட்டு இந்த ஒரு லட்சம் மீதமிருந்தால்தான் கிளம்பலாம். எனக்கு அதில் பாதிதான் இருந்தது. ஜூலை முதல் வாரம் அக்காவிடம் இருபதாயிரம் கேட்க வேண்டி வந்தது. முப்பது வயதில், நல்ல சம்பளத்துக்கு வேலை மாறிவிட்டேன் என்று வீடு முழுக்க இனிப்புக் கொடுத்த கையோடு. அக்கா ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பினாள். கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கடன் அட்டை விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயணத்தில் 58,000 வரை அட்டையில் தேய்த்திருந்தேன். ஜூன் பில் வந்தபோது கையில் இருந்த காசைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். அப்படிக் கட்டினால் தாமதக் கட்டணம்தான் தப்பும். வட்டி தப்பாது. பாக்கி இருக்கும் தொகைக்கு, செலவு செய்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அதற்குப் பின் அட்டையில் வாங்கும் காய்கறிக்குக்கூட வட்டியில்லாத நாள் கிடையாது. என் அட்டைக்கு மாதம் 3.5 சதவீதம், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டு மாதத்தில் நாலாயிரத்து ஐநூறு சொச்சம் போனது. பில் தேதிக்குள் தவணையாக மாற்றச் சொல்லியிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. அதைவிட மலிவான வழி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வங்கியில் நகைக் கடன். ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்தாலும் 58,000-க்கு இரண்டு மாத வட்டி 870 ரூபாய். நகையை அடகு வைப்பதா என்ற கௌரவத்துக்கு நான் கொடுத்த விலை மூவாயிரத்து அறுநூறு.

பைக் கடன் தவணை ஜூலை 5-ம் தேதி பழைய சம்பளக் கணக்கிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அதில் பணம் இல்லை. புதுக் கணக்கில் இருந்தது, மாற்றிவிட மறந்துவிட்டேன். வங்கி ஒரு 590, கடன் கொடுத்தவர்கள் ஒரு 590, ஆக 1,180. வேலை மாறும்போது தானாக எடுக்கப்படும் தவணைகளை உடனே புதுக் கணக்குக்கு மாற்ற முடியாது. கடன் கொடுத்தவர்களிடம் புதிதாக ஒப்புதல் போட்டு, அது பதிவாகச் சில வாரம் பிடிக்கும். அதுவரை பழைய கணக்கை உயிரோடு வைத்திருந்து, தவணைத் தேதிக்கு மூன்று நாள் முன்பே பணத்தைத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்று, சம்பளம் வருவது நின்று சில மாதமானால் வங்கி அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அப்புறம் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மெல்ல மெல்ல அரிக்கத் தொடங்கும். எல்லாத் தவணையும் இடம் மாறிய பிறகு நேரில் போய் மூடிவிடுவது நல்லது.

பயணத்துக்கு நடுவில் நடந்த கூத்து ஒன்று உண்டு. கின்னௌர் வழியாக ஸ்பிதிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பின்னணிச் சரிபார்ப்புக்கு ஆவணங்களை மூன்று வேலை நாளுக்குள் பதிவேற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. அதைப் பார்த்ததே நான்காம் நாள். தாபோவில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பட்டச் சான்றிதழ் கோவையில் நண்பன் வீட்டு அட்டைப்பெட்டிக்குள். அவன் பெட்டியைப் பிரித்து, போனில் படம் எடுத்து அனுப்பி, அது மங்கலாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டு நாள் மலையைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்புவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒழுங்காக ஸ்கேன் செய்து, இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனிலேயே ஒரு கோப்புறையில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய அலுவலகத்தின் நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, படிவம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கு அலுவலகம் தரும் சான்று), பட்டமும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும், ஆதார், பான், ரத்து செய்த காசோலை, பி.எஃப். கணக்கின் சேவை விவரப் பக்கம். ஒவ்வொன்றும் தனித்தனி பி.டி.எஃப்., இரண்டு எம்.பி.க்குள். விடுவிப்புக் கடிதம் கடைசி நாள் கைக்கு வராவிட்டால், ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலையாவது வைத்திருங்கள். தற்காலிகமாக ஒப்புக்கொள்வார்கள்.

பி.எஃப். பற்றி எழுதும்போது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு தலைவலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பழைய பி.எஃப்.பைப் புதுக் கணக்குக்கு மாற்றும்போது பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி இவற்றில் ஒன்று பிசகினாலும் திரும்பி வரும். ஆதாரோடு இணைந்த யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) என்றால், அதுவும் 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால், பெயர் போன்ற விவரங்களை நாமே இணையதளத்தில் திருத்திக்கொள்ளும் வசதி 2025 ஜனவரியில் வந்துவிட்டது. அதற்கு முந்தையது என்றால் பழைய அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், அதனால் அங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். விலகிய தேதியைப் பழைய அலுவலகம்தான் ஏற்ற வேண்டும். அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழிந்தபின் நாமே ஏற்றலாம். புது இடத்தில் பி.எஃப்.பில் சேர்வதற்கான படிவம் 11 நிரப்பும்போது பழைய யு.ஏ.என்.னை மறக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் புதிதாக ஒன்று உருவாகி, இரண்டையும் இணைக்க அலைய வேண்டி வரலாம். இடையில் கைக்காசு இல்லையே என்று பி.எஃப்.பை எடுத்துவிடலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஐந்து ஆண்டுத் தொடர் சேவை நிறையாமல் எடுத்தால் அதற்கு வரி உண்டு. மாற்றிக்கொண்டால் பழைய ஆண்டுகளும் அந்த ஐந்தில் சேரும்.

மருத்துவக் காப்பீட்டில் அதிர்ஷ்டம் என்னைக் காப்பாற்றியது, அவ்வளவுதான். அலுவலகம் கொடுக்கும் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். மே 10-லிருந்து ஜூன் 15 வரை 37 நாள், மலைப்பாதையில் பைக் பின்னால் உட்கார்ந்து போனதெல்லாம் எந்த மருத்துவக் காப்பீடும் இல்லாமல். கிளம்பும் முன் அவசரமாகத் தனிநபர் பாலிசி எடுத்தாலும், விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் பொறுத்திருக்க வேண்டும். ஆகவே ராஜினாமா கொடுக்கும் அன்றே பாலிசியையும் எடுத்துவிட்டால், அறிவிப்புக் காலத்துக்குள் அந்த 30 நாள் கழிந்துவிடும். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியும் இருக்கிறது, கடைசி நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். புது அலுவலகத்தில் பெற்றோரைச் சேர்க்க ஒரு கெடு வைப்பார்கள், பெரும்பாலும் சேர்ந்த 30 நாளுக்குள். தவறவிட்டால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான். முதல் வாரம் வந்து குவியும் மின்னஞ்சல்களில் இந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து அன்றைக்கே முடியுங்கள்.

இனி தங்குமிடம். ஜூன் முதல் வாரம், மணாலியில் உட்கார்ந்துகொண்டு, மேடவாக்கத்தில் ஒரு வீட்டை வீடியோவில் பார்த்தேன். புரோக்கர், "இன்னிக்கே டோக்கன் போடலைன்னா நாளைக்கு வீடு இருக்காது" என்றார். பத்தாயிரம் அனுப்பினேன். நேரில் வந்து பார்த்தபோது, வீட்டுக்குத் தனி மின் மீட்டர் இல்லை, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் தனியாக வாங்குகிறார். தண்ணீர் வாரம் இருமுறை லாரி. வேண்டாம் என்றதும் டோக்கன் திரும்ப வராது என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, யாரிடம் போய்ச் சண்டை போடுவது? புது ஊரில் முதல் மாதம் பி.ஜி.யில், அதாவது வாடகை விடுதியில், தங்குவதுதான் சரி. துரைப்பாக்கத்தில் மூவர் அறை, சாப்பாட்டோடு 9,500. சாப்பாடு பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். ஆனால் அந்த ஒன்றரை மாதத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், எங்கே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், எந்தப் பக்கமிருந்து வந்தால் அலுவலகம் பக்கம் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிட்டது.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மின் மீட்டர் தனியாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நான் குடிபுகுந்த 2025-ல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகை குறைந்து கட்டணம் சட்டென்று ஏறும். இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால் இந்தச் சலுகை நமக்கு வந்து சேராது. குடிபுகும் அன்று மீட்டர் அளவை உரிமையாளர் முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் பற்றி, தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்த 'தவிர' என்ற வார்த்தையில்தான் சென்னை உரிமையாளர்கள் எல்லோரும் குடியிருக்கிறார்கள். 14,000 வாடகைக்கு ஆறு மாதம் கேட்டார்கள், பேசிப் பேசி நான்கில் நின்றது, 56,000. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். பிடிப்பீர்களா, எத்தனை ஆண்டுக்குள் காலி செய்தால் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பேரம் படிந்ததற்கு என் வாய் சாமர்த்தியம் காரணமில்லை, நெருங்கிக்கொண்டிருந்த ஆடி மாதம்தான் காரணம். ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை யாரும் வீடு மாற மாட்டார்கள். வீடுகள் காலியாகக் கிடக்கும், உரிமையாளர்கள் இறங்கி வருவார்கள். சகுனம் பார்க்காதவர்களுக்கு அது நல்ல காலம். பார்க்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவே சொன்னார், "ஆனி முடியறதுக்குள்ள ஒரு நல்ல நாள்ல வந்து பாலை மட்டும் காய்ச்சிட்டுப் போயிருப்பா, சாமானை ஆடியில எப்ப வேணா கொண்டாந்துக்கலாம்." ஜூலை 14 காலை ஒரு பால் பாக்கெட்டும் ஒரு பாத்திரமும் அடுப்பும் எடுத்துக்கொண்டு போய்க் காய்ச்சினேன். ஐயாயிரம் முன்பணம், அவர் கையால் எழுதிய ரசீதோடு. மீதி ஆகஸ்ட் 1, சம்பளம் வந்த மறுநாள்.

அலுவலகம் சோழிங்கநல்லூர். பயணத்தை ஒத்திகை பார்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போய்ப் பார்த்தேன், கால் மணி நேரம். மறுநாள் மெட்ரோ வேலை நடக்கும் அதே சாலையில் ஐம்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு மதிப்பே கிடையாது, வேலை நாள் எட்டரை மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 102, 570 போன்ற வண்டிகள் அடிக்கடி வரும். எட்டு மணிக்கு முன் ஏறினால் உட்கார இடம், எட்டரைக்குப் பின் கம்பியில் இடம். மாநகரப் பேருந்தில் மாத பாஸ் 1,000 ரூபாய், ஏசி வண்டிக்கும் சேர்த்து 2,000. போகவர ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறதென்று ஒரு வாரம் டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பாஸ் வாங்குங்கள். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் சில பேருக்குக் கட்டுப்படியாகாது.

உடம்பு பழகுவதற்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் பிடித்தது. குளிரில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்து இறங்கினால், கத்திரி முடிந்துவிட்டது என்ற ஆறுதல் ஜூன் சென்னைக்குச் செல்லாது. மேற்குக் காற்று பலமாக வீசுவதால் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும், சில நாள் வரவே வராது. அதனால் பகல் பன்னிரண்டு, ஒரு மணி வெயில் மே மாதத்தைப் போலவே இருக்கும். மலையில் பத்து மணிக்குள் தூங்கிவிட்டு எப்போது விழித்தாலும் சரி என்று இருந்தவன், இங்கே வந்ததும் இரவு ஒன்றரை வரை புரண்டேன். தூங்கும் நேரத்தை ஒரேயடியாக இழுத்தால் நடக்காது. எழும் நேரத்தைக் கெட்டியாக ஆறு மணிக்கு வைத்து, படுக்கும் நேரத்தைத் தினம் கால் மணி முன்னால் நகர்த்தினால் பத்துப் பன்னிரண்டு நாளில் படியும். சேர்வதற்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பாவது ஊர் திரும்பிவிடச் சொல்வது இதற்காகவும்தான்.

காலைச் சாப்பாட்டுக்கு வீடு வந்தபின் ஞாயிறு மாலை மாவு ஆட்டுவது வழக்கமாகிவிட்டது. கோவைக்காரர்களுக்கு கிரைண்டரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதற்கென்று புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கும் ஊர். ஆனால் கோவைப் பக்குவம் சென்னையில் செல்லாது. ஒரு ஆளுக்கு ஐந்து நாளைக்கு இரண்டு டம்ளர் இட்லி அரிசி, அரை டம்ளர் முழு உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம். நான்கு மணி நேரம் ஊறினால் போதும். குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்து உளுந்தை முதலில் ஆட்டி எடுக்க வேண்டும், கிரைண்டர் சூடானால் மாவு பொங்காது. அங்கே இரவு முழுக்க வெளியில் வைத்தது இங்கே ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழிந்துவிடும், எட்டைத் தாண்டினால் புளிப்பு. அதனால் மாவை இரண்டாகப் பிரித்து, பாதியைப் புளிக்க விடாமல் உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். செவ்வாய் இரவு அதை வெளியே எடுத்து வைத்தால் புதனிலிருந்து வெள்ளி வரை புதுமாவு. பி.ஜி. சாப்பாட்டுக்குப் பின் வந்த முதல் இட்லிக்குக் கொஞ்சம் கண் கலங்கியது, அதையும் எழுதிவைக்கிறேன்.

அலுவலகத்துக்குள் எப்படிப் பழகுவது என்பது அவரவர் பாடு. எனக்கு உதவியது ஒரு சின்ன நோட்டு. எந்த வேலைக்கு யாரிடம் போக வேண்டும், அவர்கள் சொல்லும் சுருக்கெழுத்துகளுக்கு என்ன விரிவு என்று முதல் இரண்டு வாரம் எழுதிக்கொண்டே இருந்தேன். 'எங்க பழைய ஆபீஸ்ல' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை மூன்றாவது நாளே ஒருவர் முகம் பார்த்து நிறுத்திவிட்டேன். விடுப்பு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. தகுதிகாண் காலத்தில் விடுப்பு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும், அதைத் தாண்டி எடுத்தால் சம்பளப் பிடித்தம். ஏற்கெனவே முடிவான கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும் சேர்வதற்கு முன்பே மின்னஞ்சலில் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். தீபாவளிக்கும் அப்படித்தான். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. வெள்ளி 17-ம் தேதி கிளம்ப ஆகஸ்ட் 18 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். சேர்ந்து இரண்டே மாதத்தில் தீபாவளி விடுப்பைக் கேட்பதா என்று தயங்கினால் டிக்கெட் போய்விடும்.

கடைசி அடி ஜனவரியில் விழப் பார்த்தது, நல்லவேளையாக நிதிப் பிரிவில் இருந்த ஒருவர் கேட்டார், "பழைய கம்பெனி வருமானம் காட்டுனீங்களா?" காட்டவில்லை. அங்கே சம்பளம் மாதம் ஒரு லட்சம், ஏப்ரலும் மே ஒன்பது நாளும் சேர்த்து 1,29,000. அவர்கள் வரி பிடிக்கவில்லை, ஆண்டு முழுக்கக் கணக்கிட்டாலும் வரம்புக்குள் என்பதால். இங்கே மாதம் 1,25,000, ஒன்பதரை மாதத்துக்கு 11,87,500. சம்பளக்காரர்களுக்கு உள்ள நிலைக்கழிவு 75,000 போனால் 11,12,500. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் இவர்களும் பிடிக்கவில்லை. இரண்டு பேர் கணக்கும் தனித்தனியே சரி. கூட்டினால் 13,16,500, கழிவு ஒரே ஒரு தடவைதான், மிச்சம் 12,41,500. வரம்பைத் தாண்டிவிட்டது. அட்டவணைப்படி 66,225 வரி வரும். ஆனால் 12 லட்சத்துக்கு மேல் சிறிதளவே தாண்டியவர்களுக்குத் தாண்டிய தொகைக்கு மேல் வரி கேட்பதில்லை என்ற சலுகை இருப்பதால் 41,500-ல் நின்றது, 4 சதவீத மேல்வரியோடு 43,160. உடனே பழைய அலுவலக வருமானத்தைத் தெரிவிக்கும் படிவம் 12பி கொடுத்தேன். மூன்று மாதச் சம்பளத்திலும் பதினாலாயிரத்துச் சொச்சம் பிடித்தார்கள். ஜூனிலேயே கொடுத்திருந்தால் மாதம் நாலாயிரத்து ஐநூறோடு போயிருக்கும், வலி தெரிந்திருக்காது. கொடுக்காமலே விட்டு ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது கண்டுபிடித்திருந்தால், முன்வரி (ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டிய வரி) கட்டாததற்கான வட்டி வேறு கிட்டத்தட்ட நாலாயிரம் ஏறியிருக்கும்.

தொழில்வரியும் இதே மாதிரி ஆளைப் பார்த்து இரண்டு தடவை வாங்கப் பார்க்கும். ஏப்ரல்–செப்டம்பர் அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250. பழைய அலுவலகம் பிடித்திருந்தால், அந்தச் சம்பளச் சீட்டைக் காட்டி இங்கே அதே அரையாண்டுக்கு மறுபடி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். கணக்குத் தாக்கல் செய்ய உட்காரும்போது இரண்டு அலுவலகத்தின் படிவம் 16-ம் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டிலும் தனித்தனியே 75,000 கழித்திருப்பார்கள். மொத்தச் சம்பளத்தைக் கூட்டிய பிறகு ஒன்றை மட்டும் கழியுங்கள், வருமான வரித் தளத்தில் நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் பக்கத்தோடு பிடித்த வரியை ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.